இடுப்பளவு தண்ணீர்

குறிஞ்சாக்கேணித் துறையடியில் இருந்து கரையைப் பிடித்துக்கொண்டு நடந்தால், ஒன்றரை மணித்தியாலத்தில் ஒரு மணலுக்குப் போய்ச் சேரலாம். அதற்குப் பெயர் கிடையாது. சின்ன வயதில் நாங்கள் அதை மணல் என்றுதான் சொல்வோம். "மணலுக்குப் போறம்" என்றால் வீட்டில் விளங்கிவிடும். கண்டலும் சேறுமாகக் கிடக்கிற கரையில், யாரோ நாலைந்து வண்டில் மணலைக் கொண்டுவந்து கொட்டிப் பரப்பியது மாதிரி ஒரு வெள்ளைத் துண்டு. பக்கத்தில் வீதி இல்லை, வீடு இல்லை. முன்னால் தம்பலகாமக் குடா. பின்னால் வயல். போக வேண்டும் என்று நினைத்துப் போகிறவனைத் தவிர வேறு யாரும் அங்கே போகமாட்டார்கள்.

கடந்த கச்சான் காலத்தில், பள்ளிக்கூட லீவு நாள் ஒன்றில், என் பேரனை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். அவனுக்குப் பத்து வயது. மகளிடம் அனுமதி வாங்குவதற்கு எனக்கு மூன்று நாள் எடுத்தது.

"நடந்து போய் நடந்து வாறதெண்டா போங்க வாப்பா. தண்ணிக்குள்ள இறக்கக்கூடாது" என்றா மகள்.

"இறக்கமாட்டன்."

"வாக்கா?"

"வாக்கு."

மகளின் பயத்துக்குக் காரணம் எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2021 நவம்பர் 23, செவ்வாய்க்கிழமை. பழைய பாலத்துக்குப் பதிலாகப் புதுப் பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்த காலம். சனங்கள் இழுவைப் படகில்தான் குறிஞ்சாக்கேணிக்கும் கிண்ணியாவுக்கும் இடையில் போய்வந்தார்கள். காலை ஏழரை மணியளவில், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளையும் பெரியவர்களையும் ஏற்றிக்கொண்டு போன படகு கவிழ்ந்தது. ஆறு பேர் அன்றைக்கே வஃபாத்தானார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகள். பிறகு ஆஸ்பத்திரியிலும் உயிர் போனது. என் மகளும் பேரனும் அந்தப் படகில் ஏறவில்லை. கொஞ்சம் பிந்திப் போனதால் அடுத்த தடவைக்காகக் கரையில் நின்றார்கள். அப்போது அவன் முதலாம் வகுப்பு. அவன் கையைப் பிடித்தபடியே அவ எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றா. அதைப் பற்றி அவ என்னிடம் கதைத்ததே இல்லை.

ஸுபஹ் தொழுதுவிட்டு வெளிக்கிட்டோம். நான், பேரன், என் மச்சான் மூவரும். மச்சான் ஒரு காலத்தில் சங்கும் கடலட்டையும் குளித்தவர். இப்போது காது சரியாகக் கேட்காது, முழங்காலும் சரியில்லை. ஆனாலும் நடையென்றால் முன்னுக்கு நிற்பார். மகள் ரொட்டியும் கட்டாச் சம்பலும் கட்டித் தந்திருந்தா. பிளாஸ்கில் தேத்தண்ணி. இரண்டு போத்தல் தண்ணீர்.

துறையடியைக் கடக்கும்போது பேரன் என் மறுபக்கம் வந்து நடந்தான். தண்ணீர் இருந்த பக்கம் இப்போது நான். இருவரும் ஒன்றும் கதைக்கவில்லை.

வெயில் ஏறுமுன் வயல் வரம்புக்கு வந்துவிட்டோம். சிறுபோக வேளாண்மை வெட்டுக்குத் தயாராகிப் பழுத்துக் கிடந்தது. இந்தப் பகுதி வயல்களுக்கு உயிர் கந்தளாய்க் குளம். அந்தக் குளம் 1986 ஏப்ரல் 20 ஆம் திகதி விடியப்புறம் உடைத்துக்கொண்டு வந்து நூறு பேருக்கு மேல் பலியெடுத்ததை மச்சான் பேரனுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் கண்ணைக் காட்டினேன். அவர் காணவில்லை. அடுத்து 2004 டிசம்பர் 26 க்குத் தாவினார். கிண்ணியா ஆஸ்பத்திரிக்குள் கடல் புகுந்த கதை.

"போதும் மச்சான். புள்ளயப் பயங்காட்டவா கூட்டிவந்த நாம?" என்றேன்.

"நான் பயங்காட்டல்ல. நடந்தத்தச் சொல்றன்" என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்களுக்கு நெல் தந்ததும் தண்ணீர், மீன் தந்ததும் தண்ணீர், ஆள் எடுத்ததும் தண்ணீர். மூன்று பக்கமும் தண்ணீரைப் போட்டுக்கொண்டு வாழ்கிற ஊர் இது. 2009 ஒக்டோபர் 20 ஆம் திகதி 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை, திருகோணமலைக்குப் போவதற்கும் எங்களுக்குப் படகுப் பாதைதான். அப்படியான ஊரில் இன்றைக்குப் பத்து வயதுப் பிள்ளைகளில் நீந்தத் தெரிந்தவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

வரம்பு முடிய கண்டல் காடு தொடங்குகிறது. தில்லை மரங்களைக் காட்டி, அதன் பால் கண்ணில் பட்டால் கண் போகும், கிளையை ஒடிக்கக்கூடாது என்று பேரனுக்குச் சொன்னேன். அதை எனக்குச் சொன்னது என் மூத்தப்பா. அதே இடத்தில், அதே மாதிரி விரலை நீட்டி. யுத்த காலத்தில் நாங்கள் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. எந்தக் கண்டலுக்குள் யார் இருப்பார்கள் என்று தெரியாது. வீட்டில் இருந்து துறையடி, துறையடியில் இருந்து சந்தை, சந்தையில் இருந்து வீடு. எங்கள் உலகம் அவ்வளவாகச் சுருங்கிப் போயிருந்தது. ஒரு முழுத் தலைமுறை இந்த மணலைக் காணாமலே வளர்ந்தது. மகளும் அந்தத் தலைமுறைதான்.

கடைசிக் கண்டலைச் சுற்றித் திரும்பியதும் மணல் தெரிந்தது. ஐம்பது வருடத்துக்கு முந்தி இருந்ததைவிடச் சிறுத்துவிட்டது. அல்லது நான் வளர்ந்துவிட்டேன். கச்சான் காற்று நெருப்பு மாதிரி முதுகுப் பக்கமிருந்து அடித்தது. ஆனால் அது தரையிலிருந்து வீசுகிற காற்று என்பதால் கரையோரத்தில் அலையே இல்லை. கண்ணாடி மாதிரித் தண்ணீர்.

பேரன் மணலில் இருந்து ஒரு சிப்பியைப் பொறுக்கினான். தட்டையாக, உள்ளங்கை அகலத்தில், வெளிச்சத்துக்குப் பிடித்தால் மறுபக்கம் மங்கலாகத் தெரிகிற சிப்பி. "மூத்தப்பா, இது பிளாஸ்டிக்கா?" என்று கேட்டான்.

எனக்குக் கதை சொல்ல ஒரு வாய்ப்புக் கிடைத்தது. இந்தச் சிப்பியை ஒரு காலத்தில் கோவாவிலும் பிலிப்பைன்ஸிலும் கண்ணாடிக்குப் பதிலாக ஜன்னல்களில் பதித்தார்கள். இதற்குள்ளும் முத்து விளையும். நகைக்கு உதவாத பொடி முத்து. மருந்துக்காக அதற்கும் விலை இருந்தது. இலங்கையில் பிறந்த இயற்கை ஆய்வாளர் கெலார்ட் 1850களில் இந்தக் குடாவின் சிப்பிகளை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அவருக்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு ஜேம்ஸ் ஹோர்னல் வந்து இதே சிப்பி வளத்தைப் பற்றி எழுதினார். அந்தக் காலத்து ஆங்கில அறிக்கைகளில் இந்தக் குடா 'தம்பலகாம ஏரி' என்றே வருகிறது. வரைபடத்தில் குடா. அறிக்கையில் ஏரி. எங்கள் சனங்களுக்கு ஆறு. மூன்று பெயருக்கும் காரணம் உண்டு. கடலோடு சேர்ந்திருந்தாலும் கடலின் குணம் இதற்கில்லை. சுற்றிவரக் கரை, ஒடுங்கிய வாசல், நெடுந்தூரத்துக்கு ஆழமில்லாத அடி.

"அந்த முத்த ஆர் எடுத்த?" என்றான் பேரன்.

"தண்ணிக்குள்ள போகத் தெரிஞ்ச ஆக்கள்" என்றார் மச்சான். அவருக்கு இது மட்டும் எப்படிக் கேட்டதோ.

பூவரச மர நிழலில் இருந்து ரொட்டி தின்றோம். மச்சான் சாரனை உயர்த்திக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். முழங்கால் நோகிற மனிசன், இடுப்பளவு தண்ணீருக்குப் போனதும் வேறொருவராக மாறிவிட்டார். சத்தமே இல்லாமல் அமிழ்ந்தார். பேரன் எழும்பி நின்றான். அவனுடைய உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருக்கிறான் என்று விளங்கியது. நாற்பது எண்ணி முடிய, எதிர்பார்க்காத ஓர் இடத்தில் மச்சானின் தலை வெளியே வந்தது. கையில் சேற்றோடு இன்னுமொரு தட்டைச் சிப்பி. பேரன் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

லுஹருக்கு நேரமானது. கொண்டுவந்த தண்ணீர் குடிப்பதற்கே மட்டுமட்டு. குடாத் தண்ணீரில்தான் உளுச் செய்ய வேண்டும். நான் கரையில் குந்தி முகம் கழுவினேன். பேரன் எனக்குப் பின்னால் நின்றான்.

"நானும் இதிலயா எடுக்கணும்?"

"கடல் தண்ணி சுத்தமானது மகன். அதில உளுக் கூடும்" என்றேன். இடம் விட்டு ஒதுங்கினேன்.

அவன் குந்தினான். கை, வாய், மூக்கு, முகம், முழங்கை, தலை எல்லாம் ஒழுங்காக முடித்தான். காலுக்கு வந்ததும் நின்றான். பிறகு வலது காலை எடுத்துத் தண்ணீருக்குள் வைத்தான். அடுத்து இடது கால். கரண்டைக்கால் வரைக்கும் தண்ணீர். கால்களைத் தேய்த்துக் கழுவிய பிறகும் அவன் வெளியே வரவில்லை. விரலிடுக்கில் மணல் அரிபடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான்கு வருடத்தில் முதல் தடவை.

"மூத்தப்பா, இன்னும் ரெண்டு எட்டு போகட்டா?"

இதற்காகத்தான் நான் இவ்வளவு தூரம் நடந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. மூன்று நாள் மகளிடம் கெஞ்சியதும் இதற்காகத்தான். மச்சான் தண்ணீருக்குள் நின்று கையை நீட்டினார். இடுப்பளவு தண்ணீர். அலை இல்லை. இரண்டு பெரியவர்கள். இதைவிட நல்ல இடமும் நேரமும் எங்கே கிடைக்கும்?

"இல்ல மகன். உம்மாக்கு வாக்குக் குடுத்திருக்கன்."

"உம்மாக்குச் சொல்லாம விடுவம்."

"அப்பிடிச் செய்யேலாது."

மச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது. தொழுது முடித்ததும் என்னைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். "ஜனாஸா வீட்டில எல்லாரும் என்ன சொன்ன? தண்ணியில மூழ்கி மௌத்தானவர் ஷஹீத் எண்டு சொன்ன. சரிதான். ஆனா நீச்சல் பழக்கச் சொல்லியும் மார்க்கத்தில இருக்குத்தானே? அத ஆரும் சொல்லல்லயே."

அவர் சொன்னது என்னைக் குத்தியது. நீரில் மூழ்கி மரணித்தவரை ஷஹீத்களில் சேர்க்கிற ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அந்த நாட்களில் ஊர் முழுவதும் அதைச் சொல்லித்தான் பெற்றோரைத் தேற்றினோம். நானும் சொன்னேன். அது உண்மையான ஆறுதல். அதே நேரம், பிள்ளைகளுக்கு நீச்சலும் அம்பெய்தலும் குதிரையேற்றமும் பழக்கும்படி உமர் (ரழி) அவர்கள் சொன்னதாக ஓதப்பள்ளியில் படித்தவர்கள் நாங்கள். ஆறுதலை எடுத்துக்கொண்டோம். பொறுப்பை வைத்துவிட்டோம். நீரில் மூழ்குவதைத் தடுப்பதற்கென்று ஜூலை 25 ஆம் திகதியை உலக தினமாக ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அறிவித்ததும் அதே 2021 இல்தான். பாடசாலை வயதுப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலைப் பழக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பங்களாதேஷில் கிராமத்துக் குளங்களுக்குள் மூங்கில் மேடை அடித்து, அதற்குள் வைத்துப் பிள்ளைகளுக்குப் பழக்குகிறார்கள். நீச்சல் தடாகம் கட்ட வேண்டிய அவசியம்கூட இல்லை.

எல்லாம் சரி. ஆனாலும் வாக்கு வாக்குத்தான். தாயின் பயத்தை ஏமாற்றித் தாண்டினால், அடுத்த தடவை அந்தப் பிள்ளை தண்ணீரடிக்கு வரவே மாட்டான். மச்சானிடம் அதைச் சொன்னேன். அவருக்குக் கேட்டதோ இல்லையோ, தலையை ஆட்டினார்.

அஸருக்கு வீடு வந்தோம். மகள் வாசலிலேயே நின்றா. பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை, காற்சட்டையின் ஓரத்தைக் குனிந்து தொட்டுப் பார்த்தா. காய்ந்திருந்தது.

"கரண்டைக்கால் மட்டுந்தான் உம்மா. உளுவுக்கு" என்றான் பேரன். பிறகு, மறைக்கத் தெரியாதவன், "இன்னும் போகக் கேட்டன். மூத்தப்பா விடல்ல" என்றும் சொன்னான்.

மகள் ஒன்றும் சொல்லவில்லை. இரவு, பிள்ளை தூங்கிய பிறகு எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா. போகாமல் கதவு நிலையில் சாய்ந்து நின்றா.

"வாப்பா, தம்பிமாருக்கு நீந்தத் தெரியும். எனக்கு ஏன் பழக்கல்ல?"

நான் எதிர்பார்க்காத கேள்வி. "அப்ப யுத்தம் மகள். கரைக்குப் போகேலாத காலம்" என்றேன்.

"தம்பிமாருக்கு யுத்தம் இல்லயா?"

எனக்கு வாய் அடைத்துப்போனது. மகன்மார் துறையடியில் மற்றப் பொடியன்மாரோடு குதித்துக் குதித்துத் தாங்களாகவே பழகினார்கள். நான் தடுக்கவில்லை. மகளுக்கு அந்தத் துறையடி இல்லை. ஒரு நாளும் நான் அதை ஒரு குறையாக நினைத்ததும் இல்லை. படிப்பித்தேன், ஓத வைத்தேன், கலியாணம் முடித்துக் கொடுத்தேன். கடமை முடிந்தது என்று இருந்தேன்.

"நான் கரையில நிண்ட வாப்பா" என்றா மகள். "கொஞ்சத் தூரம்தான். எனக்கு முன்னுக்கு நிண்ட ஆம்பிளையள் எல்லாரும் பாஞ்ச. நான் நிண்டு கத்தின. என்ட புள்ள அதுக்குள்ள இருந்திருந்தாலும் நான் நிண்டு கத்தத்தான் செய்திருப்பன். அதத்தான் ஒவ்வொரு நாளும் நினைக்கிறன்."

நான்கு வருடமாக மகளுக்குத் தண்ணீரில் பயம் என்று நினைத்திருந்தேன். அவவுடைய பயம் தண்ணீரைப் பற்றியது அல்ல.

2004 சுனாமியில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகமாக இறந்தார்கள் என்று ஒக்ஸ்பாம் நிறுவனம் அடுத்த வருடமே எழுதியது. நீந்தத் தெரியாமை, மரம் ஏறத் தெரியாமை, பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடாமை ஆகியவை அது சொன்ன காரணங்களில் சில. அதைப் பார்த்துத்தான் கிறிஸ்டினா ஃபொன்ஃபே என்ற ஆங்கிலப் பெண் நாட்டின் தென்பகுதியில் பெண்களுக்கு நீச்சல் பழக்கத் தொடங்கினார். அந்தச் செய்தியைப் பத்திரிகையில் வாசித்து, நல்ல வேலை என்று மெச்சியவன் நான். அது என் வீட்டுக்கும் உரிய செய்தி என்று அப்போது எனக்குப் படவில்லை.

மறுநாள் ராத்தாவிடம் போனேன். என் மூத்த ராத்தா. எழுபதை நெருங்குகிறா. எங்கள் உம்மாவின் காலத்தில் அந்த மணல் பெண்களின் மணலாக இருந்தது. ஊர்க்கண் படாத இடம் என்பதால் உம்மா, மாமிமார், சாச்சிமார் எல்லாரும் கூட்டமாகப் போவார்கள். மட்டி பொறுக்குவார்கள், சீலையோடு குளிப்பார்கள். ராத்தா அங்கேதான் நீந்தப் பழகினா. பிறகு வீட்டுக்கு வீடு கிணறு வந்தது, குளியலறை வந்தது. நல்லதுதான். ஆனால் பெண்களுக்குத் தண்ணீர் என்றால் வாளித் தண்ணீர் என்றாகிவிட்டது.

"ராத்தா, உங்களுக்கு இப்பயும் நீந்தத் தெரியுமா?"

"அது மறக்கிற சாமானா?" என்றா ராத்தா. விசயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தா. "இவ்வளவு தூரம் நடக்கேலாது. தோணி ஒண்டு ஏற்பாடு பண்ணு" என்றா.

தோணி என்றதும் மகள் மாட்டேன் என்றுவிட்டா. ஆகவே ராத்தாவும் மச்சானும் தோணியில் வந்தார்கள். மகள், மகளின் மாமி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவர், பேரன், நான் எல்லோரும் நடந்தோம். ஸுபஹ் தொழுத கையோடு, வெளிச்சம் முழுதாக வருமுன்னே போய்ச் சேர்ந்தோம். பெண்கள் மணலுக்குப் போனார்கள். நானும் மச்சானும் பேரனைக் கூட்டிக்கொண்டு கண்டலுக்கு இப்பால், மறைவான வேறொரு பக்கத்துக்கு வந்தோம். மச்சான் பேரனை இறக்கினார். இந்தத் தடவை தாயே அனுப்பியது. அவன் முதலில் மச்சானின் கழுத்தைப் பிடித்த பிடியில் அவருக்கு இருமல் வந்துவிட்டது.

நான் மணல் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு கரையில் இருந்தேன். ஒன்றும் தெரியாது. காற்றில் ராத்தாவின் குரல் மட்டும் விட்டுவிட்டு வந்தது. சின்ன வயதில் எங்களை அதட்டிய அதே குரல்.

"மூச்சப் புடி. என்ட கையப் பாராத, வானத்தப் பாரு. காலுக்கு அடி தட்டுதா இல்லயா?"

"தட்டுது மாமி" என்றது மகளின் குரல்.

"அப்ப என்ன பயம்? விடு. நான் புடிச்சிருக்கன்."

பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. எனக்குத் திரும்பிப் பார்க்க வேண்டும் போல இருந்தது. பார்க்கவில்லை. பேரன் அன்றைக்குச் செய்தது மாதிரி எண்ணத் தொடங்கினேன். பதினொன்று வரைக்கும்தான் எண்ணினேன்.